மேல்வயலின் கோடுகள்

கிரேரிக் பண்ணை,
நார்தம்பர்லாந்து.
18 ஜூலை 1976

வின்னிக்கு,

யாரும் சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக எழுதாத அக்கா எழுதினால் சாவுச் செய்தி என்றுதான் நினைப்பாய், நாற்காலியைப் பிடித்துக்கொள்வாய். உன் விலாசம் அம்மா சாவுக்கு நீ அனுப்பின மலர்வளையத்துச் சீட்டில் இருந்தது. வளையத்தைத் தூக்கிப் போட்டேன், சீட்டை வைத்துக்கொண்டேன். இதற்குள் நீ வீடு மாறியிருந்தால் இது யார் கைக்குப் போகுமோ.

காரியமாகத்தான் எழுதுகிறேன். சமாதானத்துக்கு இல்லை.

என் மகன் நெட் டிராக்டர் கவிழ்ந்து போனபிறகு அவன் பையன் ஆர்ச்சிதான் பண்ணையைப் பார்க்கிறான். இருபத்துமூன்று வயசு. போன வருஷம் ஷீனா என்று ஒரு ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் முற்றத்தில் கேரவன் வண்டியில் கிடக்கிறார்கள். என்னோடு ஒரே அடுப்படியில் அவளால் இருக்க முடியாதாம். நான் என்ன கடித்தா தின்கிறேன்? நவம்பரில் பிள்ளை பிறக்கும். கைக்குழந்தையோடு அந்தத் தகர டப்பாவில் குளிர்காலம் கழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேல்வயலில் வீடு கட்ட ஆர்ச்சி மனுப் போட்டான். அது நடக்காவிட்டால் டீஸைடு பக்கம் ரசாயன ஆலையில் அவள் அண்ணன் வேலை பார்த்து வைத்திருக்கிறான். போனால் போனதுதான். நான் ஒருத்தி இந்த வயசில் மந்தையை மேய்க்க முடியாது. பண்ணை கைமாறிவிடும்.

இந்த நேரம் பார்த்து மழை பொய்த்தது. கிணறு சேறாகிவிட்டது. மேல்வயலில் புல் கருகி, கருகின இடத்தில் கோடு கோடாகக் கிளம்பியிருக்கிறது. நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் குறுக்கே தடுப்பு தடுப்பாக, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. ஏரோப்ளேனில் போன எவனோ படம் எடுத்துக் கொடுத்துவிட்டான். மறுவாரமே நியூகாசிலிலிருந்து மிஸ் பென்ரோஸ் என்று ஒருத்தி, ஆம்பிளை பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிறாள்.

"மிஸஸ் ஹெட்லி, உங்க வயலுக்கு அடியில ரோமானியக் கோட்டை இருக்கு! இந்த நீளக் கட்டடம் பட்டாளத்தான் தங்கின பாசறை. அறை அறையா தெரியுது பாருங்க!"

"பட்டாளத்தான் தங்கினதுதான். ஆனா ரோமாபுரியில இருந்து வரல, போலந்துல இருந்து வந்தான். நாப்பத்தாறுல தகரக் குடிசை போட்டு இருந்தாங்க. அந்தச் சிமெண்டுத் தரைதான் புல்லைக் கருக்குது. நான் இங்கேயே பொறந்தவம்மா."

அவளுக்குப் பின்னாலேயே அரசாங்க இன்ஸ்பெக்டர். மழை இல்லாத ஊருக்குக் குடையோடு வந்தார். ரோமானியன் கட்டடம் என்றால் மேல்வயலில் ஒரு கடப்பாரைகூட இறங்கக் கூடாதாம். போலந்துக்காரன் குடிசை என்றால் அவருக்கு அதில் காரியமே இல்லையாம். முகாமின் வரைபடம் ராணுவத்தில் தேடியும் அகப்படவில்லை. "அப்ப இங்க குடியிருந்தவங்க ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஏத்துக்கறேன். அக்டோபர்ல திரும்ப வருவேன்" என்றார்.

அப்பா இல்லை, அம்மா இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை, முட்டை வாங்க வருகிற மிஸஸ் டுலிப்பும் போய்ச்சேர்ந்துவிட்டாள். நீயும் நானும்தான் பாக்கி.

குடிசைகள் மேல்வயலில் நின்றன என்று எழுதி அனுப்பு. அவை எங்கே இருந்தன என்று என்னைவிட உனக்கு நன்றாகவே தெரியும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஈடி

*

ஹாமில்டன், கனடா.
29 ஜூலை 1976

ஈடி,

நாற்காலியைப் பிடிக்கவில்லை. கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஸெனோனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இப்போது முக்கோணமாக ஓர் ஓட்டை. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா அங்கேயிருந்தே சுட்டுட்டா" என்றார்.

நெட் போனது எனக்குத் தெரியாது. யார் எனக்குச் சொல்வார்கள்? நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பதினாலு வயது, முன்பல் உடைந்திருந்தது. உன் கடிதத்தில் அவன் ஒரே வரியில் வந்து போகிறான். அந்த ஒரு வரியை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது குடிசைகள். அவை மேல்வயலில் இல்லை, ஈடி. கீழ்வயலில், ஓடைக்கரையில் இருந்தன. மார்ச் மாதம் ஓடை பெருகி மூன்றாம் குடிசைக்குள் புகுந்தது. ஸெனோனின் ஒற்றை பூட்ஸ் மிதந்து பாலத்தடியில் வந்து நின்றது. அதை நான் எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அப்படித்தான். ஓடைத் தண்ணீர் மேல்வயலுக்கு ஏறிப் போகுமா?

நீ இதை என்னிடம் கேட்பது எதனால் எனக்குக் கனக்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. மேல்வயல் பின்கட்டு மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கீழ்வயலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் தாத்தா கட்டிய பெரிய கொட்டகை. அன்று சாப்பாட்டு மேசையில் நீ அப்பாவிடம் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் சொல்ல வரும். "பின்கட்டு ஜன்னல்ல இருந்து என் கண்ணால பாத்தேம்ப்பா. நீலக் கோட்டு போட்டுக்கிட்டு குடிசைக் கதவைத் தொறந்து வெளியே வந்தா." நான் அந்தக் குடிசைகளில் எதற்குள்ளும் கால் வைத்ததில்லை. பாலத்தில் நின்று பேசினேன், ஆமாம். பேசியவரைக் கட்டிக்கொண்டேன், அதுவும் ஆமாம். அப்பா எதையும் கேட்கவில்லை. என் பெட்டி வாசலுக்கு வந்தது. அவர் சாகும்வரைக்கும், அம்மா சாகும்வரைக்கும், நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தவளாகவே இருந்தேன்.

குடிசைகள் மேல்வயலில் நின்றன என்று நான் எழுதினால், நீ பார்த்தது உண்மை என்று நானே எழுதித் தருகிறேன்.

'நான் பார்க்கவில்லை' என்று நீ ஒரே ஒரு வரி எழுது. அதற்குப் பிறகு ஆர்ச்சிக்காக எதை வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

வின்னி

என் நீலக் கோட்டை என்ன செய்தாய்?

*

கிரேரிக்,
9 ஆகஸ்ட்

வின்னி,

உன் கோட்டைக் கிழித்துக் கந்தல் விரிப்பாகப் பின்னிவிட்டேன். அடுப்புக்கு முன்னால் கிடக்கிறது. நாய் படுக்கும்.

ஒரு வரி எழுது என்கிறாய். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத எனக்குக் கை வராது. நீ பள்ளிக்கூடத்தில் பரிசுப் புத்தகம் வாங்கினவள், உனக்கு எழுத்து வளையும். நான் பன்னிரண்டு வயசில் பால் கறக்கப் போனவள். எனக்கு இருப்பது ஞாபகம் ஒன்றுதான், அதை ஒருத்தரும் பொய் என்று சொன்னதில்லை. ஏப்ரல் மாசம், செவ்வாய்க்கிழமை. முயல்கறியை மாவுக்குள் வைத்து முயல் பை சுட்டிருந்தேன். அப்பா உப்புப் போதாது என்றார், அம்மா உப்பு ஜாடியை அவர் பக்கம் தள்ளினாள். நீ ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு ஓரத்தில் வைத்தாய், ஒன்றும் வாயில் போகவில்லை. காலையில் கறுப்புமூக்கு ஆடு இரட்டை போட்டு ஒன்று செத்திருந்தது. இதெல்லாம் எனக்குக் கண்முன்னால் நிற்கும்போது குடிசை மட்டும் இடம் மாறி நிற்குமா?

பூட்ஸ் மிதந்தது என்கிறாய். மழைக்காலத்தில் மேல்வயலிலும் தண்ணீர் நிற்கும்.

இங்கே நிலைமை சரியில்லை. குன்றில் புதர் தீப்பிடித்து நாலு நாளாகப் புகை. ஆடுகளுக்குத் தண்ணீரை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். ஷீனா கேரவனுக்குள் மயங்கி விழுந்தாள். உள்ளே வந்து படு என்றேன். "நீங்க கூப்பிடற தொனியிலயே காத்து வரலியே" என்கிறாள். ஆலையிலிருந்து ஆர்ச்சிக்குக் கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் கடைசிவரை இடம் வைத்திருப்பார்களாம். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே புல் அறுக்கிறான். குனியும்போதெல்லாம் முனை வெளியே தெரிகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"பாட்டி, அந்தம்மா எழுதுவாங்களா மாட்டாங்களா?"

"எழுதுவா."

"நீ என்னமா கேட்ட? நல்லபடியா கேட்டியா?"

"கேக்கற மாதிரிதான் கேட்டேன்."

"அப்ப எழுத மாட்டாங்க."

என் பேரன்தான், ஆனால் வாய் உன்னுடையது.

நேற்று முட்டை எடுக்கக் கோழிக்கூட்டுக்குப் போனவள், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கையில் கூடையோடு நின்றேன். கூடையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வெயில்தான் காரணம். இதை உனக்கு ஏன் எழுதுகிறேனோ. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

எழுதி அனுப்பு வின்னி. பிள்ளை போய்விடுவான்.

ஈடி

*

ஹாமில்டன்,
20 ஆகஸ்ட்

ஈடி,

நீ கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. போலந்து முகாமின் குடிசைகள் கிரேரிக் பண்ணையின் மேல்வயலில் இருந்தன என்று எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பொய். எனக்கும் உனக்கும் நடுவில் அதை மறைக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டரிடம் அந்தக் காகிதத்தைக் கொடு, இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள்.

உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து மூன்று வாரம் யோசித்தேன். ஸெனோன் யோசிக்கவே இல்லை.

"எழுதிக் குடு" என்றார்.

"எழுதினா நான் அந்தக் குடிசைக்குள்ள இருந்தேன்னு ஆயிடும்."

"இருந்தியா?"

"இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அது போதும். வீட்டைவிட்டுப் போனவன் திரும்ப முடியாதுன்னா என்னன்னும் எனக்குத் தெரியும். அந்தப் பையனை அனுப்பாதீங்க."

அவருடைய ஊர் இப்போது வேறொரு நாட்டுக்குள் இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இன்னொன்று. முயல் பை சரி. உப்பு ஜாடி சரி. நான் ரொட்டியைப் பிய்த்ததுகூடச் சரி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றதெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற நீ, அந்த ஒன்றை மட்டும் பொய்யென்று தெரிந்து சொல்லியிருக்க மாட்டாய். முப்பது வருஷமாக உன்னைப் பொய்க்காரி என்று வைத்துத்தான் வெறுத்து வந்தேன். அது சுலபமாக இருந்தது. இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோழிக்கூட்டு விஷயத்தை மருத்துவரிடம் சொல். வெயிலாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்.

வின்னி

*

கிரேரிக்,
31 ஆகஸ்ட்

வின்னி,

பொய்யாம்! பொய் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதையே உண்மை என்று இன்னொரு காகிதத்தில் எழுதி, இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிறாய். நான் உன்னிடம் பொய்யா கேட்டேன்? நடந்ததைத்தான் கேட்டேன். பிச்சை போடுகிற மாதிரி ஒரு பொய்யைப் போட்டுவிட்டு, மருத்துவரிடம் போ என்று புத்திமதி வேறு.

உன் பிச்சை எனக்கு வேண்டாம். மிஸ் பென்ரோஸைக் கூப்பிட்டு அனுப்பினேன். கோடையெல்லாம் தோண்டவிடு தோண்டவிடு என்று வேலிக்கு வெளியே நின்றவள்தானே. "வா, தோண்டு" என்றேன். "பின்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே தோண்டு. சிமெண்டு வரும், அடுப்புச் செங்கல் வரும், போலந்துக்காரன் கோட்டுப் பொத்தான் வரும். எடுத்து மேசைமேல வை. என் தங்கச்சிக்கு அனுப்பணும்."

ஆர்ச்சி ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாட்டி, உனக்கென்ன பைத்தியமா? காகிதம்தான் கையில வந்துடுச்சே!"

"அது பொய்யின்னு எழுதியிருக்கா."

"அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதே!"

"எனக்குத் தெரியுதே."

"தோண்டி வேற ஏதாவது வந்துச்சுன்னா நாங்க போறோம். சொல்லிட்டேன்."

"வராது" என்றேன்.

அவன் போய்விட்டான். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைக் கேரவனுக்கே எடுத்துப் போகிறான். நேற்று மழை வந்துவிட்டது. குடைக்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கோடுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் பச்சையில் மறைந்துவிட்டன. மிஸ் பென்ரோஸ் முன்னமே முளை அடித்து வைத்திருக்கிறாள்.

வராது.

ஈடி

*

கிரேரிக்,
16 செப்டம்பர்

வின்னி,

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், இங்கே என்னோடு பேசுகிற ஆள் மிஸ் பென்ரோஸ் ஒருத்திதான்.

முதல்நாள் புல்லை எடுத்தார்கள். மண். மறுநாளும் மண். நான் தேநீர்க் குவளையோடு பள்ளத்து ஓரத்திலேயே நாற்காலி போட்டுவிட்டேன். எங்கே சிமெண்டு, எங்கே சிமெண்டு என்று கேட்டு அவள் உயிரை வாங்கினேன். பிறகு கல் வந்தது. செதுக்கின கல், வரிசையாக, தரையோடு தரையாக ஒரு சுவரின் அடி. நேராகப் போய் ஒரு குறுக்குச் சுவர். ஓர் அறை. மறுபடி குறுக்குச் சுவர், மறுபடி ஓர் அறை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. கடைசியில் மட்டும் பெரிதாக ஒன்று.

"அது அதிகாரிக்கு" என்றாள் மிஸ் பென்ரோஸ்.

"அதிகாரிக்குப் பெருசுன்னு கல்லுல எழுதியிருக்கா?"

"எழுதல. ஆனா கோட்டைக்குக் கோட்டை இப்படித்தான் இருக்கு. நீளமா ஒரு கட்டடம், சரிசமமா அறைகள், கோடியில பெரிய வீடு. வேற எதையும் இப்படிக் கட்ட மாட்டாங்க. எண்ணி வெச்சு ஆளைத் தூங்கவைக்கிற இடம் இது."

ஒவ்வோர் அறையும் முன்னறை, பின்னறை என்று இரண்டாக இருக்கிறது. பின்னறையில் கணப்பு எரிந்த கல், சிவந்து வெடித்துப்போய். முன்னறையில் கணப்பு இல்லை. அதற்குப் பதில் தரையில் நீளமாக ஒரு குழி, உள்ளே மண் பச்சை பாய்ந்து கிடக்கிறது. "இது என்ன, தொட்டியா?" என்றேன். குதிரை மூத்திரம் வடிகிற குழியாம். முன்னறையில் குதிரை நின்றது, பின்னறையில் அந்தக் குதிரைக்காரன் படுத்தான். ஒரே கூரைக்கடியில். ஜெர்மனியிலும் இந்த மாதிரி அகப்பட்டிருக்கிறதாம். பட்டாளத்துக்காரன் என்றால் வரிசையாகக் கட்டிலில் படுப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். இவன் சுவருக்கு அந்தப்பக்கம் குதிரை மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறான்.

நேற்று பின்னறைக் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வந்தது. எலும்பில் செய்தது. விரல் நீளம், தலையில் ஒரு குமிழ்.

"பாத்தியா! பொம்பளை இருந்திருக்கா" என்றேன்.

அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றாள்.

"சொல்லேன். ஊசிதான் கையில இருக்கே."

"ஊசி இருக்கு. பொம்பளை இருந்தாளான்னு தெரியாது. குப்பையோட வந்திருக்கலாம். எவனாவது தெருவுல பொறுக்கியிருக்கலாம். தரை போட மண்ணு கொட்டினப்ப கூட வந்திருக்கலாம். அவ இந்தக் கதவு வழியா உள்ள வந்ததை யாரும் பாக்கலியே, மிஸஸ் ஹெட்லி."

தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இன்றைக்கு அடிமண் வரைக்கும் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு மிஸ் பென்ரோஸ் எழுதிப்போட்டாள். ஷீனா சாமான் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு ஊருக்குள் போயிருக்கிறாள். ஆர்ச்சி வேலியோரம் வந்து பள்ளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

சிமெண்டு இல்லை வின்னி. ஒரு துண்டுகூட இல்லை.

ஈடி

*

ஹாமில்டன்,
25 செப்டம்பர்

ஈடி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன், விமானத் தபாலில் போடுகிறேன். அந்தப் பெட்டிகள் கட்டி முடிவதற்குள் இது வந்து சேர வேண்டும்.

ஆர்ச்சியிடம் ஒரு கடப்பாரையைக் கொடுத்துக் கீழ்வயலுக்கு அனுப்பு. ஓடைக்கரைக்கு வேண்டாம், அங்கே தண்ணீர் வரும். பாலத்திலிருந்து மேலேறினால் வலது பக்கம் ஒரு மேடு உண்டே, நாம் பனியில் தகரத்தட்டு வைத்துச் சறுக்குவோமே, அதன் உச்சியில்தான் அதிகாரிகளின் பெரிய குடிசை இருந்தது. வெள்ளத்தில் மற்ற குடிசையெல்லாம் நனைந்தபோது அது மட்டும் நனையவில்லை. பையன்கள் அதற்காகவே அவர்களைத் திட்டுவார்கள். ஸெனோன் அதற்குச் சிமெண்டு குழைத்திருக்கிறார். தரையைத் தடிமனாகப் போடச் சொல்லி மேஜர் உயிரை எடுத்தாராம். அது எங்கும் போயிருக்காது என்கிறார். ராணுவம் முப்பது வருஷத்துக்கு முன்பே வெட்டிக் கொத்திச் சிமெண்டு போட்ட இடத்தில் உன் குடைக்காரருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? வீட்டை அங்கே கட்டட்டும்.

பெட்டி கேட்டுப் போன பெண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என்னுடைய பெட்டியை எனக்கு நினைவிருக்கிறது. ஷீனாவிடம் கொஞ்சம் நல்ல தொனியில் பேசு, ஈடி. உனக்கு அது வரும். நான் சின்னவளாக இருந்தபோது வந்தது. குளிர்ந்த என் காலை உன் கெண்டைக்காலில் வைத்துக்கொள்ளச் சொல்லுவாய், திட்டிக்கொண்டே.

எனக்கு எந்த வரியும் வேண்டாம். ஊசி அகப்பட்ட கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

ஆர்ச்சி என்ன செய்தான் என்று மட்டும் எழுது. சீக்கிரம் எழுது.

வின்னி

*

கிரேரிக்,
17 அக்டோபர்

வின்னிக்கு,

சீக்கிரம் எழுதச் சொன்னாய். குடைக்காரர் வந்து போகட்டும் என்று வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அவர்கள் கார் டிக்கியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் ஆர்ச்சி முன்னால் நின்றேன். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான். "மேட்டு உச்சியில குத்து" என்றேன். "யார் சொன்னா?" என்றான். "என் தங்கச்சி சொன்னா." போனான். முதல் குத்து மண், இரண்டாம் குத்தும் மண். மூன்றாவது குத்துக்குக் கணீரென்று ஒரு சத்தம், முற்றத்தில் நின்ற எனக்கே கேட்டது. ஷீனா காரிலிருந்து இறங்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கத்தைச் சுத்தம் பண்ணிவிட்டான். தடிமனான தரை, நடுவில் அடுப்புச் செங்கல், ஓரத்தில் பச்சைப் பூச்சுப் போன எனாமல் குவளை ஒன்று. மேஜருக்கு நல்ல வேலைக்காரன்தான் அகப்பட்டிருக்கிறான். ஸெனோனிடம் சொல்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கொட்டுகிற மழையில் குடை இல்லை, காரில் மறந்துவிட்டாராம்.

"ரெண்டு கையெழுத்து இருக்கா, மிஸஸ் ஹெட்லி?"

"ஒண்ணு வந்துச்சு. அது அடுப்புல போயிடுச்சு."

"அப்ப முகாம் எங்க இருந்துச்சுன்னு சொல்றீங்க?"

"கீழ்வயல்ல. என் தங்கச்சி சொல்றா. அவ சொன்னா சரியா இருக்கும்."

மிஸ் பென்ரோஸ் இருந்தாள், ஆர்ச்சி இருந்தான், ஷீனா இருந்தாள், தபால்காரன்கூட நின்றுகொண்டிருந்தான். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன்.

மேல்வயலைத் தொடக் கூடாது என்று எழுதிவிட்டார். கீழ்வயல் மேட்டில் வீடு கட்டத் தன் பக்கம் தடை இல்லை என்று அதையும் எழுதிவிட்டார். ஆர்ச்சி சட்டைப் பையிலிருந்த ஆலைக் கடிதத்தை எடுத்து, பின்பக்கத்தில் வீட்டுக்கு அளவு போட்டுக்கொண்டிருக்கிறான்.

வீடு எழும்புகிறவரை ஷீனா உள்ளே வந்துவிட்டாள். முன்கட்டு அறையைக் கொடுத்திருக்கிறேன். அடுப்படியில் இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் நான். மிஸ் பென்ரோஸின் பாசறை மாதிரிதான், ஒரே கூரை, நடுவில் ஒரு தடுப்பு. "இதுல யாரு குதிரை?" என்று கேட்டேன். "ஒதைக்கிறது யாரோ அவங்கதான்" என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறது. பழகிக்கொள்ளலாம்.

பள்ளத்தை மூடுவதற்கு முதல்நாள் பின்கட்டு மாடிக்கு ஏறினேன். ஜன்னலில் நின்றேன். நேர் எதிரே அந்த அறைகள் திறந்து கிடந்தன, ஒவ்வொன்றாக எண்ணலாம். பிறகு கீழ்வயல் பக்கம் பார்த்தேன். கொட்டகைக் கூரைதான் தெரிந்தது. இந்தப்பக்கம் சாய்ந்து பார்த்தேன், நாற்காலிமேல் ஏறியும் பார்த்தேன். கூரைதான். தாத்தா கட்டினது, நம் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே நிற்கிறது. ரொம்ப நேரம் நின்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணில் வருகிறதா என்று பார்த்தேன். காதில்தான் வந்தது. மிஸஸ் டுலிப் முட்டைக்கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். "குடிசையில இருந்து வந்தா. நீலக் கோட்டு, ஈடி. நீலக் கோட்டு."

அவ்வளவுதான் எழுத வரும்.

மேட்டு வீட்டுக்கு வெளிச்சம் மறைக்கிறது, கல்லும் வேண்டும், கொட்டகையை இடிக்கட்டுமா என்று ஆர்ச்சி பயந்து பயந்து கேட்டான். அந்தக் கல்லில் பாதி ரோமானியன் கோட்டையிலிருந்து தாத்தா பெயர்த்ததுதானாம், மிஸ் பென்ரோஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விடுவாளாம். இடி என்றேன்.

அந்த விரிப்பைத் துவைத்து மாடியில் கட்டிலுக்குக் கீழே போட்டிருக்கிறேன். நாயை ஏறவிடுவதில்லை. நீலம் இன்னும் வெளுக்கவில்லை.

ஏப்ரலில் ஆடு குட்டி போடுகிற காலத்துக்கு வாருங்கள், இரண்டு பேரும். அதற்குள் கொட்டகை இருக்காது. பின்கட்டு ஜன்னலில் நின்றால் பாலம்வரை தெரியும். நான் அங்கே நிற்பேன். இந்தத் தடவை பார்த்த பிறகுதான் கீழே இறங்கிவந்து சொல்லுவேன், வின்னி வந்துவிட்டாள் என்று.

ஈடி